நம் ஏடுகளை நாமே காப்போம்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனை எமக்கு முன்பு பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ, கேட்ட அளவில் மிகச் சிறியதாகத் தோன்றும். பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், கிடைத்தற்கரிய பழம் புத்தகங்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றுவது பற்றியே சில சொல்ல விழைகின்றோம். இது பொழுதுபோக்காளர் வேலை, வசதி படைத்தோர் விருப்பம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது நம் உரிமையோடு பிணைந்த வேலை என்பதை இம்மலரைத் தொகுக்கும் பணியே எங்களுக்கு உணர்த்திற்று.

ஒரு துண்டறிக்கை சொன்ன செய்தி

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தின் தொடக்க விழாவிற்கென ஓர் அழைப்பறிக்கை அச்சிட்டோம். ஆயிரம் படிகள் எடுத்து ஊர் ஊராகக் கொடுத்தோம். அதனை இம்மலரின் முதற்பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று மலர்க்குழு முடிவு செய்தது. கழக அலுவலகத்தில் தேடினோம்; இல்லை. அச்சிட்ட அச்சகம் மூடப்பட்டு நெடுநாள் ஆயிற்று. தொடக்க உறுப்பினர் இல்லங்களுக்குச் சென்று கேட்டோம். எல்லா வீடுகளிலும் ஒரே விடைதான் கிடைத்தது. "பழைய பேப்பரோடு பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டோம், தம்பி" என்றார்கள். ஆயிரம் தாள்களுள் ஒன்றுகூட நம் கையில் இல்லை என்று மனம் சோர்ந்திருந்த வேளையில், மூத்த அம்மையார் ஒருவர் தம் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. எஞ்சியது முழுமையாக இருந்தது.

அத்தாளை விரித்து வைத்துப் படித்தபோது நாங்கள் வியப்புற்றோம். விழா நடைபெறும் இடம் என்று அச்சிட்டிருந்த மண்டபத்தின் பெயர் மையினால் அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல், நம் குடியிருப்பின் வேப்பமரத்தடி என்று கையால் எழுதப்பட்டிருந்தது. மூத்தோரை வினவினோம். முன்பணம் பெற்றுக்கொண்ட மண்டபத்தார், விழா நடத்துவோர் யாவர் என்று அறிந்ததும் இடம் தர மறுத்துவிட்டனர் என்றும், விழாவிற்கு முந்தின இரவு நான்கு இளைஞர்கள் அமர்ந்து எஞ்சிய அறிக்கைகள் அனைத்திலும் கையால் திருத்தினர் என்றும் கூறினர். கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் புரட்டினால், தொடக்க விழா இனிது நடைபெற்றது என்ற ஒரே வரிதான் உள்ளது.

அன்பர்களே! இதனை எண்ணிப் பாருங்கள். குறிப்பேடு மறைத்ததை ஒரு துண்டுத்தாள் காப்பாற்றி வைத்திருக்கிறது. அத்தாளும் தராசில் ஏறியிருந்தால், இந்த விடுதி மாணவர்கள் தம் கழகம் மரத்தடியில் பிறந்த வரலாற்றை அறியாமலே வளர்ந்திருப்பர். இருபத்தைந்து ஆண்டுச் செய்திக்கே இந்த நிலை என்றால், நூறாண்டுச் செய்திக்கு என்ன நிலை ஏற்பட்டிருக்கும்?

கோயம்புத்தூர்ப் பள்ளியும் ஒரு சிறு நூலும்

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், இளமையில் கல்வி பயின்றது இந்தக் கோயம்புத்தூரில்தான். அந்நாளில் அவரோடு பயின்றவர் ஏறத்தாழ நானூற்றுவர். அவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் கூடி விளையாடவில்லை. பள்ளிக்கு வெளியே தனித்திருந்து படித்து, மணி அடித்த பிறகே உள்ளே சென்றார். மாலையில் எவரும் பின்தொடராதபடி விரைந்து வீடு திரும்பினார்.

இச்செய்தி நமக்கு எங்கிருந்து கிடைத்தது? கோவையின் வரலாறு கூறும் பெருநூல்களிலிருந்தா? அன்று. 1939இல் சீனிவாசன் அவர்களே எழுதி வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் மெலிந்த நூலிலிருந்து கிடைத்தது. சட்டைப்பையில் மடித்து வைக்கத்தக்க அச்சிறு நூலை எவரும் பேணாதிருந்தால், இந்நகரத் தெருக்களில் அஞ்சி அஞ்சி நடந்த அச்சிறுவனை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

அவரே 1893ஆம் ஆண்டு அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரில் இதழ் ஒன்றைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. எந்தப் பெயரால் இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே முகப்பில் தாங்கி வந்த இதழ், இரண்டே நாளில் சென்னையில் நானூறு படிகள் விற்றது. மூன்று திங்களுக்குப் பின் வார இதழாகி, 1900ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. ஏழாண்டுக் காலம் வாரந்தோறும் வெளிவந்த இதழ் இன்று எங்கே? அதன் முழுத்தொகுதி எந்த நூலகத்திலும் இல்லை. ஆங்கில அரசு, சுதேசி இதழ்கள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்ப்பதற்காகத் தன் அலுவலரைக் கொண்டு சுருக்கி மொழிபெயர்த்து வைத்த அறிக்கைகளில்தான் அதன் குரல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கின்றது. நம் முன்னோர் தமிழில் எழுதியதை, நம்மை ஆண்டவர் ஆங்கிலத்தில் சுருக்கிய வடிவில் படிக்கும் நிலைக்கு நாம் ஆளானோம். தன் தாளைத் தான் காவாத சமுதாயம் பிறருடைய குறிப்பேட்டில்தான் வாழ வேண்டியிருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எண்பத்தைந்து ஆண்டு மறைவு

இனி, காப்பாற்றப்பட்ட ஒன்றைக் கூறுவோம். நம் வடமேற்கே தோன்றும் நீலமலையில் இளமைக் காலத்தைக் கழித்துப் பணியாற்றியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை அவர் தொடங்கினார். விலை ஒரு பைசா; விலையே பெயராயிற்று. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. 1914 மே 5ஆம் நாள் அவர் மறையும் வரை, வரலாறு, சமயம், இலக்கியம், மருத்துவம், அரசியல் என எல்லாத் துறைகளிலும் வாரந்தோறும் எழுதினார்.

அதன்பின் நேர்ந்தது என்ன? தமிழக வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. ஆயினும் அவருடைய எழுத்து அழியவில்லை. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம் மக்கள் அவருடைய நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை வாயிலாக மீண்டும் மீண்டும் அச்சிட்டுக் கொண்டனர். 'தமிழன்' இதழையும் 1926இல் அங்கிருந்தே ஜி. அப்பாதுரையார் மறுபடி தொடங்கி நடத்தினார். அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழைய இதழ்களை வீட்டிலேயே கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தனர். அவ்வாறு காக்கப்பட்டவற்றைத் தேடித் திரட்டி ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்', 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1914க்கும் 1999க்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள்! 2005இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியாயிற்று. பல்கலைக்கழகங்களில் அவரைப் பற்றி ஆய்வுகள் நடைபெறுகின்றன. இவ்வளவிற்கும் அடிப்படை எது? பெரிய நிறுவனங்களோ அரசோ அல்ல. கூலி வாங்கி வாழ்ந்த வீடுகளில், பரண்மேலும் பெட்டியுள்ளும் துணி சுற்றி வைக்கப்பட்ட தாள்கட்டுகளே அடிப்படை.

1869ஆம் ஆண்டின் 'சூரியோதயம்' தொடங்கி 1943ஆம் ஆண்டின் 'உதயசூரியன்' வரையில் நம் மக்கள் நடத்திய இதழ்களின் வரலாற்றை, ஜெ. பாலசுப்பிரமணியம் 2017இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கின்றார். படிக்காதவர், எழுதாதவர் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் எத்தகைய பொய் என்பதை அந்நூலின் தலைப்பில் உள்ள ஆண்டுக் கணக்கே மெய்ப்பிக்கின்றது.

கொங்கு மண்ணின் ஏடு

இதழ் என்றதும் நம் ஈரோட்டை மறத்தல் இயலுமா? 1925 மே 2ஆம் நாள் தந்தை பெரியார் அங்குத் தொடங்கிய 'குடிஅரசு' நாடெங்கும் சென்றது. 1936இல் லாகூரில் நடத்தவிருந்த மாநாட்டிற்குச் சாத்பாத் தோடக் மண்டல் என்னும் சாதியொழிப்பு அமைப்பு அண்ணல் அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தது. அவர் எழுதிய உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. மேடை மறுக்கப்பட்ட அந்த உரையை அண்ணல் தம் செலவில் ஆயிரத்தைந்நூறு படிகள் அச்சிட்டார். இரண்டு திங்களில் அவை விற்றுத் தீர்ந்தன. அவ்வுரையே 'சாதியை ஒழிக்க வழி' எனத் தமிழாகிக் 'குடிஅரசு' வாயிலாக நம் மக்களை அடைந்தது. மண்டபம் மறுக்கப்பட்ட நம் கழகத்தின் அறிக்கையைக் கண்டபோது, மேடை மறுக்கப்பட்ட அந்த உரையும் எங்கள் நினைவிற்கு வந்தது. கூடும் இடத்தை மறுக்கலாம். அச்சேறிய தாளை மறுத்தல் எளிதன்று. ஆனால் அத்தாளை நாம் காத்தால்தான் அந்த வெற்றி நிலைக்கும்.

அண்ணலே பழம் புத்தகங்களைத் தேடி அலைந்தவர் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்ற நாளில், உணவுச் செலவைச் சுருக்கிக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களை வாங்கினார். 1917இல் இலண்டனிலிருந்து திரும்பியபோது அவர் நூல்களை ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியது. அதன்பின்னும் அவர் சேர்ப்பதை நிறுத்தவில்லை. பம்பாயில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தைக் கட்டியதே நூல்களுக்கு இடம் வேண்டித்தான் என்று சொல்லத்தகும்.

ஏன் நம் வீடுகளில் இல்லை?

பிறர் வீடுகளில் பழைய நூல்கள் உள்ளன, நம் வீடுகளில் ஏன் இல்லை என்று சில இளைஞர்கள் வருத்தத்தோடு வினவுகின்றனர். முன்னோர் அக்கறையற்றவர் என்று கருதிவிடாதீர்கள். ஒழுகும் கூரையின்கீழ்த் தாள் நிலைக்காது. பண்ணையம் மாறும்போதெல்லாம் பாத்திரத்தோடு குடிபெயர்ந்தவர் புத்தக அலமாரியைச் சுமந்து செல்ல இயலாது. சில ஊர்களில் துண்டறிக்கை கையில் இருந்ததே அடிபடுவதற்குக் காரணமாயிற்று; படித்தவுடன் அடுப்பில் இட்டனர். இவ்வளவையும் மீறி எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாளும் அரும்பாடுபட்டுக் காக்கப்பட்டதே.

இன்றோ நிலைமை வேறு. பலருக்கு ஓட்டுவீடும் மச்சுவீடும் உண்டு. ஆயினும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்குவது முதலில் பழந்தாளே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது உலகத் தமிழர் அனைவரும் கலங்கினர். 1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளை நாடியவர் வருந்தினர். நெருப்பில் போனதற்கு அழுகின்றோம். தராசில் போவதற்கு அழுவார் இல்லை. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு நாமே கதவுவரை கொண்டுபோய்க் கொடுக்கின்றோம். அடுத்த வாரம் அது கடலைப் பொட்டலமாகிச் சந்தைக்கு வருகின்றது.

எவற்றைச் சேர்ப்பது?

விலையுயர்ந்த நூல் மட்டுமே அரிய நூல் என்பதன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிக்கைகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் முதலியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதுவே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. அவர் குப்பையென ஒதுக்காதவையே இன்று அறிஞர்க்குப் பொன்னாயின.

நாம் சேர்க்க வேண்டியவை இவை: கூட்ட அறிக்கைகள், சங்க அறிக்கைகள், ஆலைத் தொழிற்சங்கத் துண்டுத்தாள்கள், தேர்தல் அறிக்கைகள், சீர்திருத்தத் திருமண அழைப்பிதழ்களும் வாழ்த்து மடல்களும், இரங்கற்பா அச்சிட்ட நினைவு மலர்கள், விடுதி ஆண்டு மலர்கள், கையெழுத்து ஏடுகள், நிலத்திற்கும் பாதைக்கும் குடிநீருக்கும் எழுதிய விண்ணப்பங்களின் படிகள், குழு நிழற்படங்கள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் பாடநூல் தேடிச் செல்லும் மாணவர், அடுக்கின் அடியில் கிடக்கும் மெலிந்த நூல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் நட்புக் கொள்ளுங்கள். அட்டையில்லாத தமிழ் நூல் வந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். நமக்கு உடன்பாடானவற்றை மட்டும் சேர்ப்பது நேர்மையன்று. சீனிவாசனார் முகப்பில் தாங்கிய பெயரை அயோத்திதாசர் ஏற்கவில்லை. இருவரும் உறவினர், ஆயினும் கருத்தில் மாறுபட்டனர். இருவர் ஏடும் இருந்தால்தான் அந்த வாதம் நமக்கு விளங்கும். நம் கழகத்தைக் கண்டித்து வெளிவந்த அறிக்கை உங்களிடம் இருப்பின், அதனையும் தயங்காது கொண்டுவந்து தாருங்கள்.

எவ்வாறு காப்பது?

மலிவுத் தாள் மரக்கூழால் செய்யப்பட்டது. வெயிலும் ஈரமும் பட்டால் மஞ்சளித்து, மடித்த இடத்தில் முறியும். ஆகவே மடிக்காமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். துருப்பிடித்த கம்பித் தையலையும் குண்டூசியையும் மெல்ல நீக்கி, நூலால் கட்டுக. கிழிந்த தாளுக்குச் செல்லோ டேப் ஒட்டாதீர். சில ஆண்டுகளில் அப்பசை தாளையே கறையாக்கும். லேமினேஷன் செய்வதும் தீங்கே. ஒருமுறை ஒட்டினால் பிரித்தெடுத்தல் இயலாது. மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அலமாரியைச் சுவரையும் தரையையும் விட்டுச் சற்றே விலக்கி வையுங்கள், கறையான் ஏறாது. ஆறு திங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டி நிழலில் காற்றாட விடுங்கள்.

இவற்றினும் முதன்மையானது குறிப்பு எழுதுதல். தாள் எந்த ஊரில், யார் வீட்டில், எப்போது கிடைத்தது என்பதைத் தனிச்சீட்டில் எழுதி உடன்வைக்க வேண்டும். அச்சகத்தின் பெயர், ஆண்டு, விலை ஆகியவற்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மூத்தோர் சொல்லும் விளக்கத்தை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அழைப்பறிக்கையின் மைத்திருத்தம், அதன் காரணத்தைச் சொல்ல மூத்தோர் இருந்தமையால்தான் நமக்கு விளங்கிற்று. இன்னும் இருபது ஆண்டு கழிந்திருந்தால் அது வெறும் கறையாகத் தோன்றியிருக்கும்.

கைப்பேசியாலேயே தெளிவான படம் எடுக்கும் காலம் இது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆயிரக்கணக்கான பழைய நூல்களையும் இதழ்களையும் எவரும் வீட்டிலிருந்தே படிக்கத் தந்துள்ளது. பிரிய மனமில்லாதவர் மூலத்தைத் தாமே வைத்துக்கொள்ளட்டும். படம் எடுக்க ஒருநாள் தந்தால் போதும். பூதம் காத்த புதையல் போல எவர் கண்ணிலும் காட்டாது பூட்டி வைப்பதும், எடைக்குப் போடுவதும், படிப்பவரைப் பொறுத்தவரை ஒன்றே. அரிய ஏடுகளை வாங்கி மிகுந்த விலைக்கு விற்போரும் இன்று உள்ளனர். வறுமையால் விற்க நேர்வோரைக் குறைகூற மாட்டோம். விற்குமுன் ஒரு படம் எடுக்க இசையுங்கள் என்று மட்டும் வேண்டுகின்றோம்.

ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழா நினைவாகக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். அது நடக்கட்டும். அதற்கு முன்பாக ஓர் இரும்பு அலமாரியும் ஒரு பதிவேடும் வாங்க மலர்க்குழு எண்ணியுள்ளது. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி மாணவர் இருவர் இருவராக நம் குடியிருப்புகளுக்கு வருவர். பெட்டியையும் பரணையும் அவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பத்திரப்படுத்திய தாளையும் கேட்டுப் பாருங்கள். அத்தகைய ஒருவரே நம் கழகத்தின் பிறப்புச் சான்றைக் காத்துத் தந்தார் என்பதை மறவாதீர்கள்.

அந்த அழைப்பறிக்கை இம்மலரின் முதற்பக்கத்தில், மைத்திருத்தத்தோடு, பூச்சி அரித்த மூலையோடு, உள்ளது உள்ளவாறே அச்சிடப்பட்டுள்ளது. பதிவேட்டின் முதல் வரியில் அதுவே ஏறும். இரண்டாம் வரி உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டும். இன்று உங்கள் கையில் தவழும் இம்மலரும் நாளைய பழந்தாளே. பொன்விழாக் காண வரும் நம் பிள்ளைகள் இதனைத் தேடி அலையாதவாறு, ஒவ்வொருவரும் ஒரு படியைக் காத்து வைப்பீராக!

வாழ்க அண்ணலின் பெயர்! வளர்க நம் கழகம்!